ஆகாயத்துக் கண்ணும் சாயக் குழாயும்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் திருப்பூரில் ஒரு பழைய பேச்சு மறுபடியும் தலைதூக்குகிறது. நொய்யலில் நுரை பொங்கும். பத்திரிகையில் படம் வரும். அதிகாரிகள் ஜீப்பில் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்கள். உடனே, "எத்தனை காலத்துக்கு இந்தச் சாயத் தண்ணீரைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது? பெரிய குழாய் ஒன்றைப் போட்டு நேராகக் கடலில் விட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்ற யோசனை கிளம்பும்.

இதை வெறும் டீக்கடைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 2000-க்குப் பிந்திய பத்தாண்டில், திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்துச் சாயக் கழிவுநீரைக் குழாய் வழியே வங்கக் கடலுக்குக் கொண்டுபோகும் திட்டம் சர்க்கார் மட்டத்திலேயே பேசப்பட்டது. அது நிறைவேறவில்லை. ஆனால் செத்தும் போகவில்லை. சுத்திகரிப்பு நிலையத்தின் மின்சாரக் கட்டணம் ஏறும்போதெல்லாம் அந்தக் குழாய்க்குப் புது உயிர் வந்துவிடுகிறது.

சில நாட்களுக்கு முன் சங்க ஆபீசுக்குக் கீழே உள்ள டீக்கடையில், கூலிக்குச் சாயம் போட்டுக் கொடுக்கும் சிறு பட்டறைக்காரர் ஒருவர் நம்மிடம் இதையே ஆரம்பித்தார். நல்ல மனிதர். தொழிலாளியாக இருந்து பட்டறை வைத்தவர்.

"ஏனுங் தோழர், கடலு ஏற்கெனவே உப்புத்தானுங்களே? நம்ம தண்ணியும் உப்பு. உப்போட உப்புச் சேந்தா என்னங்க கெட்டுப்போவுது? அப்படியே கெட்டாலும், இப்பத்தான் சாட்டிலைட் இருக்குதே! மேலே இருந்து பாத்துச் சொல்லிப்போடுவாங்க."

பக்கத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். புதுக்கோட்டை ஜில்லாவில் ஜெகதாப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக்காரர். கடலில் பிழைப்பு நடக்காமல் இங்கே வந்து பத்து வருஷமாகிறது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, ஆத்தைப் பக்கத்துலயே பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? அதைக் காப்பாத்துனீங்களா?" என்று ஒரே கேள்வி கேட்டார். பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆற்றைப் பற்றிய விவாதம் பழையது. அதில் யார் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் "செயற்கைக் கோள் பார்த்துக்கொள்ளும்" என்ற வாதம் புதிது. விஞ்ஞானத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிற வாதம். கோஷம் போட்டு இதை விரட்ட முடியாது. அந்தக் கண் கடலில் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை, பார்த்ததை யாருக்குச் சொல்கிறது என்று விசாரித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். நாம் பள்ளி இறுதிப் பரீட்சையோடு நின்றவர்கள். ஆனாலும் விசாரித்தோம்.

கடலை ஆகாயத்திலிருந்து ஆராய்வதன் அடிப்படை மிக எளியது. அது நிறம். சாயப்பட்டறைத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நூலின் நிறத்தைப் பார்த்தே எந்தச் சாயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்பவர் அவர். கடலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடானுகோடி மிதக்கின்றன. நிலத்துப் புல்லைப் போல அவற்றிலும் பச்சையம் உண்டு. பச்சையம் சூரிய ஒளியின் நீலத்தையும் சிவப்பையும் விழுங்கி, பச்சையைத் திருப்பி விடுகிறது. ஆகவே பாசி குறைந்த நடுக்கடல் கருநீலமாகவும், பாசி நிறைந்த கடல் பச்சை கலந்தும் தெரிகிறது. அந்த நுண்பாசியைச் சிற்றுயிர்கள் தின்கின்றன. அவற்றைச் சிறுமீன் தின்கிறது. சிறுமீனைப் பெருமீன் தின்கிறது. கடலின் சோற்றுப் பானை அந்தப் பச்சைதான். நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை அளந்தால், பானையில் எவ்வளவு சோறு இருக்கிறது என்று கணக்குப் போடலாம்.

1978-ல் அமெரிக்கா அனுப்பிய ஒரு செயற்கைக் கோளில்தான் கடலின் நிறத்துக்கென்றே செய்த கருவி முதன்முதலில் போயிற்று. நமது நாடும் பின்தங்கி நிற்கவில்லை. 1979 ஜூன் 7-ந் தேதி சோவியத் ராக்கெட்டில் ஏறிப் போன பாஸ்கராவிலேயே கடலைப் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. 1988 மார்ச் 17-ந் தேதி ஐ.ஆர்.எஸ். 1ஏ, சோவியத் நாட்டின் பைக்கனூர் தளத்திலிருந்து கிளம்பிற்று. அந்த நாடு 1991-ல் இல்லாமற் போயிற்று. அது கைகொடுத்துத் தொடங்கிவைத்த வேலை நின்றுபோகவில்லை. 1999 மே 26-ந் தேதி ஓஷன்சாட் 1, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நமது சொந்த ராக்கெட்டிலேயே போயிற்று. கடலின் நிறத்தை எட்டு வகை ஒளியில் பிரித்துப் பார்க்கும் கருவி அதில் இருந்தது. 2009 செப்டம்பரில் இரண்டாவது போயிற்று. 2022 நவம்பர் 26-ல் மூன்றாவது. இதன் கருவி 13 வகை ஒளியில் பார்க்கிறது. இவை அனைத்தும் பொதுப் பணத்தில், பொதுத்துறை விஞ்ஞானிகளும் தொழிலாளிகளும் செய்தவை. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் வாங்கும் தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் கொடுக்கிற வரியும் அதில் இருக்கிறது. இதில் பெருமைப்பட நமக்குப் பூரண உரிமை உண்டு.

பயனும் நிறைய உண்டு. 1999-ல் ஹைதராபாத்தில் அமைந்த தேசியக் கடல் தகவல் நிலையம், கடலின் நிறத்தையும் மேற்பரப்பின் சூட்டையும் சேர்த்துப் பார்த்து, மீன் கூடக்கூடிய இடங்களைக் கணித்து மீனவர்களுக்குத் தெரிவிக்கிறது. தமிழிலும் வருகிறது. கடல் அளவுக்கு மேல் சூடேறினால் மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள் வெளுத்துச் சாகும் அபாயத்தை முன்கூட்டியே எச்சரிக்கிறது. பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, 1990 முதல் 2018 வரை இந்தியக் கரையில் 33.6 சதவீதம் அரிக்கப்பட்டிருக்கிறது என்று சென்னையில் உள்ள தேசியக் கடற்கரை ஆய்வு மையம் கணக்குச் சொல்லியிருக்கிறது. கரையோர ஊர்களில் கிழவர்கள் "எங்கள் கோயில் இருந்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறது" என்று சொன்னபோது கோர்ட்டு நம்பவில்லை; படம் சொன்னால் நம்பித்தானே ஆக வேண்டும்! உழைப்பாளிக்கு இப்படி ஒரு சாட்சி கிடைப்பது சாதாரண விஷயமல்ல.

அப்படியானால் பட்டறைக்காரர் சொன்னது சரிதானா? குழாயைப் போடலாமா? மேலே இருக்கும் கண் காவல் காக்குமா?

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அந்தக் கண்ணின் அளவு. ஓஷன்சாட் 1, 2 ஆகியவற்றின் படத்தில் ஒரு புள்ளி என்பது கடலில் 360 மீட்டர் நீளமும் 360 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கட்டம். ஏக்கரில் சொன்னால் ஏறத்தாழ 32 ஏக்கர். நமது ஊரில் 32 ஏக்கரில் ஒரு பேட்டையே அமைத்துவிடலாம். அத்தனையும் ஒரு புள்ளி! பரந்த கடலைப் பார்க்க இது மிகச் சிறந்த அளவு. ஆனால் ஒரு குழாயின் வாயிலிருந்து விசிறிபோல் விரியும் கறையைப் பார்க்க இது போதாது. இதைவிடக் கூர்மையான கண்கள் உண்டு. ஐரோப்பிய நாடுகளின் சென்டினல் 2 பத்து மீட்டர்க் கட்டத்தைப் பார்க்கிறது. நம் கணக்கில் இரண்டரை சென்ட் நிலம். ஆனால் அது நிலத்தைப் பார்க்கவே முக்கியமாகச் செய்த கருவி. ஐந்து நாளைக்கு ஒரு முறை தலைக்கு மேல் வருகிறது. நடுவில் நாலு நாள் யார் காவல்?

இரண்டாவது, மேகம். இந்தக் கண்களெல்லாம் பகலில், வானம் தெளிவாக இருக்கும்போது மட்டும் பார்ப்பவை. நமது கிழக்குக் கரைக்கு மழை எப்போது? ஐப்பசி, கார்த்திகை. ஆறுகள் மண்ணையும் அழுக்கையும் அடித்துக்கொண்டு கடலுக்கு ஓடுவதும் அப்போதுதான். வானம் மூடிக்கிடப்பதும் அப்போதுதான்! நொய்யல் கரையில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். திருட்டுத்தனமாகச் சாயத் தண்ணீர் திறந்துவிடப்படுவது எப்போது? ராத்திரியில், மழை கொட்டும்போது. வாட்ச்மேன் தூங்கும் நேரம் திருடனுக்குத் தெரியாதா? மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடார்க் கோள்களும் நம்மிடம் இருக்கின்றன. 2022 பிப்ரவரியில் ஒன்று போயிற்று. 2025 ஜூலை 30-ல் அமெரிக்காவோடு கூட்டாகச் செய்த நிசார் போயிற்று. கடல்மேல் எண்ணெய் படர்ந்தால் அலை படிந்துவிடும். அதை ராடார் கண்டுபிடிக்கும். ஆனால் ராடாருக்கு நிறம் தெரியாது. நீலச் சாயமும் சிவப்புச் சாயமும் அதற்கு ஒன்றே; வெறும் தண்ணீர்.

மூன்றாவது, உப்பு. சாயம் துணியில் பிடிக்க வேண்டுமென்றால் உப்பு வேண்டும். ஆழ்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் வரை கொட்டுகிறோம். துணியில் அந்த உப்பு ஒரு குண்டுமணிகூட நிற்காது. அத்தனையும் தண்ணீரோடு வெளியே வருகிறது. நொய்யல் கரையின் தென்னையையும் கிணற்றையும் கெடுத்தது அந்த உப்புத்தான். 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, விவசாயிகளே "திறக்காதே" என்று தடுத்து நிற்கும் சாயத் தொட்டியாக மாறியது அதனால்தான். ஆனால் கரைந்த உப்புக்கு நிறம் இல்லை. நிறம் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. கடலின் உப்பை அளக்கவே தனியாகக் கோள்கள் இருக்கின்றன. அவற்றின் ஒரு புள்ளி சுமார் 40 கிலோமீட்டர். கரை பக்கத்தில் அவையும் தடுமாறுகின்றன.

பட்டறைக்காரரின் உப்பு வாதத்தையும் நாம் மழுப்பாமல் பார்ப்போம். அதில் பாதி உண்மை இருக்கிறது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. பட்டறைகளிலிருந்து கலந்து வரும் கழிவுநீரில் பெரும்பாலும் அதைவிடக் குறைவுதான். ஆகவே ஆற்றையும் வயலையும் கொன்ற உப்பு, கடலை அதே விதமாகக் கொல்லாது. இதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. ஆனால் குழாயில் போவது உப்பு மட்டுமா? போடுகிற சாயத்தில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு, சில சமயம் அதற்கும் மேலே, துணியில் ஏறாமல் தண்ணீரோடு போகிறது. சோடா, சோப்பு, துணியை மிருதுவாக்கும் ரசாயனங்கள், சலவைச் சரக்கு, எல்லாம் போகின்றன. சாயம் கரைந்த நீரில் வெளிச்சம் இறங்காது. வெளிச்சம் இறங்காவிட்டால் நுண்பாசிக்கும் அடியில் வளரும் கடற்புல்லுக்கும் என்ன கதி? பாக் நீரிணையின் கடற்புல் வெளியில்தான் ஆவுளியா என்ற கடல் பசு மேய்கிறது. அதைக் காக்க 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு சர்க்கார் பாதுகாப்பு வட்டமாக அறிவித்திருக்கிறது. ஒரு கையால் வேலி போட்டுவிட்டு மறு கையால் அந்தக் கடலுக்குக் குழாய் நீட்டுவதா?

நான்காவது ஒன்று இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபோது நாமே திடுக்கிட்டோம். நடுக்கடலில் நிறக் கணக்கு நன்றாகச் சரிவரும். கரையோரத்தில் அப்படியல்ல. கோளில் உள்ள கருவிக்கு வந்து சேரும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று மண்டலத்திலிருந்து சிதறி வருவது. கடலிலிருந்து வருவது மிச்சமுள்ள சிறு பங்குதான். அதைப் பிரித்தெடுப்பதே பெரிய வித்தை. கரையோரத்தில் சேறு கலங்குகிறது, அழுகிய இலைதழைகளின் கறை கரைகிறது, ஆழம் குறைந்த இடத்தில் அடித்தரையே தெரிகிறது. எல்லாம் சேர்ந்து கணக்கைக் குழப்புகின்றன. நீல ஒளியை விழுங்கும் எந்தக் கறையையும் சாதாரணக் கணக்கு "பச்சையம்" என்று ஏமாந்து எடுத்துக்கொள்ளக்கூடும். இதன் அர்த்தம் என்ன? குழாயிலிருந்து வரும் கறை படிந்த கடலை, படம் "வளமான கடல்" என்று காட்டினாலும் ஆச்சரியமில்லை! பச்சையம் உண்மையிலேயே ஏறியிருந்தாலும் அது நல்ல சேதி என்று நிச்சயமில்லை. 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சைப் பசேலென்று ஆயிற்று. நாக்டிலூகா என்ற ஒரு வகைக் கடல் நுண்ணுயிர் அளவுகடந்து பெருகியதால் வந்த நிறம் அது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. சோறு என்று பார்த்தால் விஷம்.

இதனால் விஞ்ஞானம் பொய் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தக் குறைகளையெல்லாம் கண்டுபிடித்து எழுதிவைத்திருப்பவர்களே விஞ்ஞானிகள்தான். படகில் போய்த் தண்ணீர் எடுத்துச் சோதித்து, ஆகாயப் படத்தோடு ஒப்பிடாமல் எதையும் முடிவு கட்டக் கூடாது என்று சொல்பவர்களும் அவர்கள்தான். கோளாறு எங்கே இருக்கிறது? "படத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே ஒன்றும் நடக்கவில்லை" என்று அந்தப் படத்தை நற்சான்றிதழாக நீட்டப் போகிறவர்களிடம் இருக்கிறது. நூற்பாலையில் பஞ்சுத் தூசியை அளக்காமலே "தூசி இல்லை" என்று எழுதிக் கொடுத்தவர்களை நாம் பார்க்காதவர்களா?

இது வெறும் கற்பனைப் பயமல்ல. குஜராத்தில் ஜேத்பூர் என்ற ஊர் சேலைக்குச் சாயமும் அச்சும் போடுவதற்குப் பேர் போனது. நமக்கு நொய்யல் போல அவர்களுக்குப் பாதர் ஆறு. ஆறு கெட்டது. இப்போது அங்கே அந்தக் கழிவுநீரைக் குழாய் வழியே போர்பந்தர் கடலுக்குள் கொண்டுபோய் விடத் திட்டம் போட்டார்கள். போர்பந்தர் மீனவர்கள் எழுந்தார்கள். "எங்கள் கடல் உங்கள் சாக்கடையா?" என்று கேட்டார்கள். அங்கே குழாயின் ஒரு முனையில் சாயத் தொழிலாளி, மறு முனையில் மீன் தொழிலாளி. இருவரையும் மோதவிட்டு நடுவில் லாபம் பத்திரமாக இருக்கிறது. இங்கே குழாய் வந்தால் இங்கேயும் அதே காட்சிதான்.

சாயத் தொழிலாளியின் கஷ்டத்தை நாம் மறந்து பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். 2011 ஜனவரி 28-ந் தேதி சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. விவசாயிகள் நியாயம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது சரியே. அவர்கள் நிலம் போயிற்று. ஆனால் மூடிய அன்று தெருவில் நின்றது யார்? பட்டறை முதலாளிகளில் பெரியவர்கள் துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயம் போட்டுக்கொண்டார்கள். வெறுங்கையோடு நின்றவர்கள் தொழிலாளிகள். வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் மூட்டை கட்டி ஊருக்குப் போன குடும்பங்களைப் பஸ் ஸ்டாண்டில் ஏற்றி அனுப்பியவர்கள் நாம். ஆறு கெட்டதற்கு ஒரு காலணா லாபம் காணாதவர்கள், அதற்கான தண்டனையை முதலில் அனுபவித்தார்கள்! ஆகவே "பட்டறையை மூடு" என்பது நமது கோஷம் அல்ல, ஆகவும் முடியாது.

இப்போது ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதிப்படி பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நடக்கின்றன. தண்ணீரும் உப்புக் கரைசலும் மீட்கப்பட்டு மறுபடி சாயத் தொட்டிக்கே வருகின்றன. மீட்க முடியாத கலப்பு உப்பும் சேறும் குவிகின்றன. செலவு அதிகம், நிஜந்தான். ஆனால் இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஊரிலிருந்து போகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகளில் அந்தப் பனியனை விற்கிற பெரிய கம்பெனிகள், தங்கள் விளம்பரத்தில் "பசுமை" என்று எழுதிக்கொள்கின்றன. விலை பேசும்போது மட்டும் சுத்திகரிப்புச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தச் செலவைச் சிறு பட்டறைக்காரர் தலையிலும், அவர் மூலம் தொழிலாளியின் கூலியிலும் இறக்கிவைக்கின்றன. இந்தக் கணக்கு நேராகும் வரை குழாய்ப் பேச்சு ஓயாது. குழாய் என்பது அந்தச் செலவை மீனவன் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டும் வழி, அவ்வளவே.

இனி, அந்த ஆகாயத்துக் கண் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம்.

அமெரிக்காவில் 1984-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, சர்க்கார் நடத்திய லாண்ட்சாட் படங்களைத் தனியார் வியாபாரத்துக்கு விட்டார்கள். ஒரு படத்தின் விலை 4,000 டாலர் வரை ஏறிற்று. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களே வாங்க முடியாமல் கைவிட்டார்கள். 1992-ல் அந்தச் சட்டத்தை அவர்களே ரத்துச் செய்ய வேண்டியதாயிற்று. 2008-ல் அத்தனை படங்களையும் இலவசமாக்கினார்கள். உடனே உலகெங்கும் உபயோகம் பல மடங்கு பெருகிற்று. முதலாளித்துவ நாடே பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது.

நமது நாட்டில் இப்போது காற்று எதிர்த் திசையில் வீசுகிறது. 2023-ல் வெளியான விண்வெளிக் கொள்கை, ஐந்து மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டப் படங்களை இலவசமாகத் தருவதாகச் சொல்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அதே கொள்கை விண்வெளியின் வாசலைத் தனியாருக்கு அகலத் திறந்திருக்கிறது. 2024-ல் செயற்கைக் கோள் தயாரிப்பிலும் அதன் தகவல் வியாபாரத்திலும் 74 சதவீதம் வரை அந்நிய மூலதனம் தானாகவே நுழைய அனுமதி தரப்பட்டது. 2025-ல், பூமியைப் பார்க்கும் 12 கோள்களை அமைத்து நடத்தும் வேலை தனியார் கம்பெனிகளின் கூட்டு ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. கூர்மையான கண்கள் இப்படி ஒவ்வொன்றாகக் கைமாறினால், குழாயின் வாயைப் பார்க்கக்கூடிய படம் யாரிடம் இருக்கும்? காசு கொடுத்து வாங்குபவரிடம். வாங்குபவர் மீனவராக இருப்பாரா, சாயத் தொழிலாளர் சங்கமாக இருக்குமா?

தகவல் இருந்தும் உரியவருக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017-ல் ஒக்கிப் புயலில் கன்னியாகுமரிக் கரை பார்த்தது. வானில் கோள் இருந்தது, கணிப்பு நிலையமும் இருந்தது. ஆனால் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. திரும்பி வராத தகப்பன்மார்களுக்காக அந்தக் கிராமங்கள் இன்றும் மெழுகுவர்த்தி ஏற்றுகின்றன.

டீக்கடைப் பேச்சு நடந்த அன்று இரவு சங்க ஆபீசில் அந்தக் கடற்கரைத் தோழரோடு உட்கார்ந்து, அவருடைய ஊர்க் கடலின் படத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தோம். சென்டினல் படம், யாரும் காசில்லாமல் பார்க்கலாம். கரையை ஒட்டி வெளிர் பச்சை. அதற்கப்பால் கருத்த திட்டுக்கள். நாம் ஏதோ தெரிந்தவர்கள் போல, "இதெல்லாம் ஆழமான இடம்" என்றோம். அவர் தலையை ஆட்டினார். "இல்லே தோழர். அங்கே மார்பளவு தண்ணிதான். அது புல்லு. அந்தப் புல்லுலதான் எங்க அப்பா நண்டு வலை விடுவாரு. இந்தா, இந்தத் திட்டு முன்னே இவ்வளவு தூரம் இருந்துச்சு, விசைப்படகுக்காரன் இழுத்து இழுத்துப் போயிருச்சு" என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். ஒரே கருப்பு நிறம். ஆழமும் கருப்பாகத் தெரிகிறது, புல்லும் கருப்பாகத் தெரிகிறது. பிரித்துச் சொல்ல அந்தத் தண்ணீரில் நின்ற ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அவரைப் போன்றவர்கள் நமது பனியன் கம்பெனிகளில் எத்தனையோ பேர். கட்டிங் மேஜையிலும் அயனிங் மேஜையிலும் நின்றுகொண்டு, தங்கள் கடலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். 2023-ல் தமிழ்நாட்டின் கடற்கரை மேலாண்மை வரைபடங்களுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தபோது, தங்கள் குடியிருப்பும் வலை காயும் இடமும் படகு நிறுத்தும் இடமும் சரியாகக் காட்டப்படவில்லை என்று மீனவர்கள் கொதித்து எழுந்ததில் என்ன ஆச்சரியம்?

ஆகவே நாம் சர்க்காரிடம் கேட்பது இது. திருப்பூர், ஈரோடு, கரூர் கழிவுநீரைக் கடலில் விடும் எந்தத் திட்டத்தையும், அது எந்தப் பெயரில் வந்தாலும், திருட்டுத்தனமாகத் தொடங்கக் கூடாது. 1999 முதல் நமது கோள்கள் எடுத்திருக்கும் படங்களில் காவிரி முகத்துவாரத்திலிருந்து பாக் நீரிணை வரை கடலின் நிறம் எப்படியிருந்தது, எப்படி மாறியது என்பதைத் தமிழில், சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி வெளியிட வேண்டும். மழைக்காலத்தில் வானம் மூடிய நாட்களில் படகில் போய்த் தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். எடுக்கிற இடத்தையும் நாளையும் மீனவர் சங்கங்களோடு கூடிப் பேசி நிர்ணயிக்க வேண்டும். ஒரத்துப்பாளையத்திலிருந்து நொய்யல் காவிரியில் கலக்கும் இடம் வரை ஆற்றுக்கும் இதே கணக்கு வேண்டும். பட்டறை வாயிலில் ஓடும் நீரின் அளவுக் கருவி காட்டும் எண்ணை அதிகாரியின் அறையில் பூட்டிவைக்காமல் தெருவில் பலகை வைத்து எழுத வேண்டும். சுத்திகரிப்புச் செலவில் வாங்கும் கம்பெனிகளின் பங்கை ஆர்டரிலேயே எழுதி வாங்க ஏற்றுமதியாளர் சங்கங்கள் முன்வர வேண்டும். வராவிட்டால் சர்க்கார் வரவைக்க வேண்டும்.

பட்டறைக்காரரை மறுநாள் பார்த்து இவ்வளவையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது நாயந்தானுங்க. ஆனா இந்த மாசத்து கரண்ட் பில்லை எவன் கட்டறது?" என்றார். அந்தப் பில்லையும் வாங்கி வைத்திருக்கிறோம். வருகிற பொதுக்குழுவில் ஆர்டர் விலையோடு சேர்த்துப் படித்துக் காட்டப் போகிறோம்.